சந்தை மீண்டது, எல்லாரும் மீண்டார்களா?



"உலகத்தில் எங்கேயோ குண்டு வெடித்தால் என்னுடைய பங்கு ஏன் விழுகிறது?" இந்தக் கருத்தரங்குக்கு நேயர்கள் அனுப்பிய கேள்விகளைப் படித்துக்கொண்டே வந்தேன். சுற்றிச் சுற்றி இந்த ஒரு கேள்விதான். ஆட்சி மாறினால் என்ன ஆகும், போர் மூண்டால் என்ன ஆகும், விற்றுவிடலாமா, வைத்திருக்கலாமா?

நான் பொருளாதாரம் படித்தவள் அல்லள். பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு தொலைக்காட்சிக்கு வந்தவள். ஆகவே, எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் என் குழந்தைப் பருவத்தில் ஒரே நெருக்கடி இரண்டு மனிதர்களை இரண்டு விதமாகப் புரட்டிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையையும் அதற்குப் பின்னால் இருந்த வரலாற்றையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பச்சை எழுத்துத் திரை

நான் வளர்ந்தது ஜொகூர் பாருவில். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் சிங்கப்பூர் ஒளிவழிகளும் தெளிவாகத் தெரியும். அந்தக் காலத்தில் 'டெலிடெக்ஸ்ட்' என்று ஒன்று இருந்தது. கறுப்புத் திரையில் பச்சையும் மஞ்சளுமாக எழுத்துகள், எண்கள். பங்கு விலைகள் அதில் பக்கம் பக்கமாக ஓடும். மாலையில் நாங்கள் கார்ட்டூன் பார்க்க உட்கார்ந்தால், பக்கத்து வீட்டு அங்கிள் வந்து "ஒரு நிமிஷம் பாப்பா" என்று சொல்லி அந்தப் பக்கத்துக்கு மாற்றிவிடுவார். அந்த ஒரு நிமிடம் அரை மணி நேரம் ஆகும்!

அவருக்குச் சொந்தமாக இரண்டு லோரிகள் இருந்தன. அதனால் நாங்கள் அவரை 'லோரி அங்கிள்' என்றே அழைப்போம். என் தாய்மாமா சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். வார இறுதியில் எங்கள் வீட்டுக்கு வருவார். இருவருக்கும் பேச்சு ஒன்றுதான், பங்கு. 1996-இல் அது எல்லா வீட்டிலும் நடந்த பேச்சு. காப்பிக் கடையிலும் கோயில் வாசலிலும் அதே பேச்சு. கையில் பணம் இல்லாமலேயே இன்று வாங்கி, பணம் கட்ட வேண்டிய நாள் வருவதற்குள் விற்று இலாபம் பார்க்கும் 'காண்ட்ரா' வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலம் அது.

மாமாவும் அங்கிளும் வாங்கியவை ஏறக்குறைய ஒரே மலேசிய நிறுவனங்களின் பங்குகள்தாம். ஒரே ஒரு வேறுபாடு. மாமா தம் சேமிப்பிலும் போனஸ் பணத்திலும் வாங்கினார். அங்கிள் கொஞ்சம் சொந்தப் பணம் போட்டார். பிறகு அந்தப் பங்குகளையே ஒரு நிதி நிறுவனத்தில் அடகு வைத்து, கிடைத்த கடனில் மேலும் வாங்கினார். அன்று அந்த வேறுபாடு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. சொல்லப்போனால், அங்கிள்தான் கெட்டிக்காரர் என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரே சந்தை இரண்டான கதை

இங்கே ஒரு கேள்வி எழலாம். சிங்கப்பூரில் இருந்த மாமா மலேசியப் பங்குகளை எப்படி வாங்கினார்? இதற்கு விடை சொல்ல நாம் 1965-க்குப் போக வேண்டும்.

1965 ஆகஸ்டு 9-ஆம் தேதி சிங்கப்பூர் தனி நாடானது. நாடு பிரிந்ததே தவிர, பங்குச் சந்தை பிரியவில்லை. மலேசியா, சிங்கப்பூர் பங்குச் சந்தை என்ற பெயரில் அது ஒன்றாகவே இயங்கியது. இரு நாட்டு நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்று சமமாக மாறின. 1973 மே மாதத்தில் அந்த நாணய ஏற்பாடு முடிவுக்கு வந்தது. அதைத் தொடர்ந்து சந்தையும் இரண்டானது. ஆனாலும் ஏராளமான மலேசிய நிறுவனங்கள் இரண்டு சந்தைகளிலும் பட்டியலில் இருந்தன. ஆக, அரை விவாகரத்துதான்.

அடுத்த அடி 1990-இல் விழுந்தது. மலேசிய நிறுவனங்கள் சிங்கப்பூர்ப் பட்டியலிலிருந்து விலக வேண்டும் என்று கோலாலம்பூர் முடிவெடுத்தது. 1990 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூர் சும்மா இருக்கவில்லை. மறுநாளே 'கிளாப்' என்ற தனிச் சந்தையைத் திறந்தது. பட்டியலில் இல்லாத வெளிநாட்டுப் பங்குகளை வாங்கி விற்கும் இடம் அது. பெயர்தான் அனைத்துலகச் சந்தை, அங்கே பெரும்பாலும் கைமாறியவை மலேசியப் பங்குகள்.

என் மாமாவைப் போன்ற சிறிய முதலீட்டாளர்களுக்கு அது வசதியாக இருந்தது. சிங்கப்பூர்த் தரகரிடம் ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். ஆனால் ஒன்றை அவர்கள் கவனிக்கவில்லை. பங்குகள் அவர்களுடைய சொந்தப் பெயரில் மலேசியாவில் பதிவாகவில்லை, அவர்கள் சார்பில் வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயரில் இருந்தன. அந்தச் சந்தையை மலேசியத் தரப்பு ஒருபோதும் மனமார ஏற்றுக்கொண்டதும் இல்லை. எட்டு ஆண்டுகள் எந்தச் சிக்கலும் வரவில்லை என்பதால், சிக்கலே இல்லை என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள்.

பாங்காக்கில் கிளம்பிய புயல்

1997 பிப்ரவரியில் கோலாலம்பூர்க் குறியீட்டு எண் 1,271 புள்ளிகளைத் தொட்டது. ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 2 ரிங்கிட் 50 சென். ஆசியாவின் புலிகள் என்று நம்மைப் புகழ்ந்தார்கள்.

ஜூலை 2-ஆம் தேதி தாய்லாந்து தன் 'பாட்' நாணயத்தைக் காப்பாற்ற முடியாமல் கைவிட்டது. இரண்டே வாரத்தில் ரிங்கிட்டையும் காக்க முடியாத நிலை. பாங்காக் வங்கிகளின் கடனுக்கும் ஜொகூர் லோரி முதலாளிக்கும் என்ன தொடர்பு? நேரடியாக ஒன்றும் இல்லை. ஆனால் நியூயார்க்கிலோ லண்டனிலோ இருந்த நிதி மேலாளர் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா என்று தனித்தனியாகப் பார்ப்பதில்லை. 'ஆசியா' என்று ஒரே கூடையில் போட்டிருந்தார். ஒரு பழம் அழுகியதும் கூடையையே இறக்கி வைத்தார்.

அத்தோடு நம் பக்கத்து நடவடிக்கைகளும் சேர்ந்துகொண்டன. 1997 ஆகஸ்டு 27-ஆம் தேதி, இல்லாத பங்கை முன்கூட்டி விற்று விலையை இறக்கும் ஊக வணிகத்தைத் தடுக்க, குறியீட்டில் இருந்த 100 பங்குகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. நோக்கம் சந்தையைக் காப்பது. விளைவோ நேர்மாறானது. நாளைக்கு விற்க முடியாமல் போகுமோ என்று பயந்தவர்கள் இன்றே விற்றார்கள். சில நாள்களிலேயே அந்தக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. செப்டம்பரில் ஹாங்காங்கில் நடந்த அனைத்துலகக் கூட்டத்தில் பிரதமர் டாக்டர் மகாதீர் நாணய வணிகத்தையே கடுமையாகச் சாடினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததா இல்லையா என்பது வேறு வாதம். அடுத்த வணிக நாளில் ரிங்கிட் மேலும் சரிந்தது.

1998 ஜனவரியில் ஒரு டாலருக்கு 4 ரிங்கிட் 88 சென் என்ற நிலை வந்தது. இந்தோனேசியாவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பல நிறுவனங்கள் வெளிநாட்டில் டாலரில் கடன் வாங்கி, உள்நாட்டில் ரூபியாவில் சம்பாதித்துக்கொண்டிருந்தன. டாலருக்குச் சுமார் 2,400 ஆக இருந்த ரூபியா, 1998 ஜூனில் 16,000-ஐயும் தாண்டியது. வாங்கிய கடன் அதே கடன்தான். திருப்பிக் கட்ட வேண்டிய ரூபியாவோ ஆறு மடங்குக்கு மேல்! இதற்கிடையே மே மாதத்தில் ஜகார்த்தாவில் மாணவர்கள் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மே 21-ஆம் தேதி, 32 ஆண்டு ஆண்ட சுஹார்த்தோ பதவி விலகினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அரசியல் குழப்பம் சந்தையைக் கவிழ்த்தது என்று நாம் சொல்லுவோம். ஜகார்த்தாவில் சந்தையும் நாணயமும் கவிழ்ந்ததுதான் முதலில். விலைவாசி ஏறி, வேலை போய், அதற்குப் பிறகுதான் தெரு பற்றி எரிந்தது. எரிந்த தெரு மீண்டும் நாணயத்தைக் கவிழ்த்தது. எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒன்றை ஒன்று துரத்தின.

கதவு மூடிய நாள்

1998 ஆகஸ்டில் லோரி அங்கிளுக்கு நிதி நிறுவனத்திலிருந்து அழைப்பு மேல் அழைப்பு. அடகு வைத்த பங்கின் மதிப்பு கடனுக்கு ஈடாகவில்லை, பணம் கட்டுங்கள் என்று. ஏற்கெனவே ஒரு லோரியை விற்றுக் கட்டியிருந்தார். இந்த முறை கட்ட ஒன்றுமில்லை. ஆகஸ்டு கடைசி வாரத்தில் அவருடைய பங்குகள் அனைத்தும் விற்கப்பட்டன. அப்போதும் கடன் முழுதும் அடையவில்லை. இரண்டாவது லோரியும் போயிற்று.

செப்டம்பர் 1-ஆம் தேதி குறியீட்டு எண் 262.70 புள்ளியில் நின்றது. உச்சத்திலிருந்து ஏறக்குறைய 80 விழுக்காடு வீழ்ச்சி. அதே நாளில் மலேசியா மூலதனக் கட்டுப்பாட்டை அறிவித்தது. மறுநாள் ஒரு டாலருக்கு 3 ரிங்கிட் 80 சென் என்று நாணய மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. அதே செப்டம்பர் 2-ஆம் தேதி துணைப் பிரதமரும் நிதி அமைச்சருமான அன்வார் இப்ராஹிம் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த மாதமே கைதும் செய்யப்பட்டார். கோலாலம்பூர்த் தெருக்களில் ஆர்ப்பாட்டம், கண்ணீர்ப் புகை.

இப்படிப்பட்ட நேரத்தில் பங்குச் சந்தை என்ன ஆகியிருக்க வேண்டும்? இன்னும் பாதாளத்துக்குப் போயிருக்க வேண்டும் அல்லவா? ஆனால் 1998 டிசம்பர் முடிவில் குறியீட்டு எண் 586! நான்கே மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேல். 1999 முடிவில் 812.

காரணம் என்ன? வெளியே போகும் கதவு மூடப்பட்டது. வெளிநாட்டார் பங்கை விற்ற பணத்தை ஓராண்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அதனால் வட்டி விகிதத்தைத் துணிந்து குறைக்க முடிந்தது. கடன் மலிவானது. சந்தை தெருவில் நடக்கும் நியாய அநியாயத்தை எடை போடும் தராசு அன்று என்பதை அந்த நான்கு மாதங்கள் காட்டின. பணம் எவ்வளவு கிடைக்கும், என்ன வட்டிக்குக் கிடைக்கும், வெளியேற வழி உண்டா என்பதைத்தான் அது பார்க்கிறது. அந்த ஆண்டு மலேசியப் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது. வேலை போனவர்களின் வீட்டில் விளக்கு மங்கியிருந்தபோதே சந்தை ஏறத் தொடங்கிவிட்டது.

ஆனால் கதவு மூடியதில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. மலேசியப் பங்குகளை இனி மலேசியச் சந்தை வழியாகவே வாங்கி விற்க வேண்டும் என்ற விதியால் 'கிளாப்' சந்தை முடங்கியது. 112 நிறுவனங்களின் பங்குகள், சுமார் 17 பில்லியன் ரிங்கிட், ஏறத்தாழ 1 லட்சத்து 72 ஆயிரம் முதலீட்டாளர்கள். பெரும்பாலோர் சிங்கப்பூரர்கள். ஊக வணிகர்கள் பதுங்கும் கொல்லைப்புறக் கதவு அது என்றது மலேசியத் தரப்பு. சட்டப்படி நல்லெண்ணத்தோடு வாங்கிய சிறு முதலீட்டாளரின் சொத்து அது என்றது சிங்கப்பூர்த் தரப்பு. இரண்டிலும் உண்மை இருந்தது. நடுவில் இருந்தவர் என் மாமா.

அவருடைய பங்குகள் காகிதத்தில் இருந்தன, விற்க முடியாது. அந்தப் பணத்தை நம்பி வீவக வீட்டுக்கு மனுப்போட்டிருந்தார். அதைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அத்தையும் பிள்ளைகளும் இன்னும் இரண்டு ஆண்டுகள் வாடகை அறையில் இருந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டு, பங்குகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. அதற்குள் சந்தையும் ஏறியிருந்தது. மாமாவுக்குப் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. வீட்டையும் வாங்கினார், தாமதமாக.

லோரி அங்கிள் அப்போது வேறொருவரின் லோரியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

கணக்கு எங்கே உதைக்கிறது?

இதை ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம். உங்கள் கையில் 20,000 ரிங்கிட். அதற்குப் பங்கு வாங்குகிறீர்கள். சந்தை 40 விழுக்காடு விழுகிறது. உங்களிடம் 12,000 மிஞ்சும். வலிக்கும், ஆனால் நீங்கள் காத்திருக்கலாம். உங்கள் நண்பர் அதே 20,000-உடன் 30,000 கடன் வாங்கி 50,000-க்குப் பங்கு வாங்குகிறார். அதே 40 விழுக்காடு விழுந்தால் அவருடைய பங்கின் மதிப்பு 30,000. கடனும் 30,000. அவருக்குச் சொந்தமாக ஒரு சென் கூட இல்லை. கடன் கொடுத்தவர் காத்திருக்க மாட்டார், அன்றே விற்றுவிடுவார். பிறகு சந்தை பழைய இடத்துக்கே வந்தாலும் உங்கள் நண்பர் அங்கே இருக்க மாட்டார்.

பெரியவர்களுக்கும் இதே கணக்குத்தான். 1995 ஜனவரி 17-ஆம் தேதி ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியது. அது இடித்த கட்டடங்களில் ஒன்று லண்டனில் இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? 233 ஆண்டுப் பழமையான பேரிங்ஸ் வங்கிதான் அது. அதன் சிங்கப்பூர்க் கிளையில் இருந்த நிக் லீசன், ஜப்பானியப் பங்குச் சந்தை பெரிதாக விழாது என்று பந்தயம் கட்டி, நட்டங்களை 88888 என்ற கணக்கில் ஒளித்து வைத்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பானியச் சந்தை விழுந்தது. அவரோ பந்தயத்தை இரட்டிப்பாக்கினார். மொத்த நட்டம் 827 மில்லியன் பவுண்டு. வங்கியை ஒரே ஒரு பவுண்டுக்கு டச்சு நிறுவனமான ஐஎன்ஜி வாங்கிக்கொண்டது. நிலநடுக்கம் அந்த வங்கியைக் கொன்றது என்பதைவிட, அது நிற்க முடியாத நிலையில் இருந்ததை வெளியே காட்டியது என்பதே சரி.

இதற்கு மாறாக, 2001 செப்டம்பர் 11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மண்ணில் கண்டிராத தாக்குதல். நியூயார்க் பங்குச் சந்தை செப்டம்பர் 17 வரை மூடிக் கிடந்தது. திறந்த அன்று டவ் ஜோன்ஸ் 684 புள்ளிகள் வீழ்ந்தது. ஆனால் நவம்பரிலேயே தாக்குதலுக்கு முந்திய நிலைக்குத் திரும்பியது. மறு ஆண்டு அது மேலும் விழுந்ததற்குப் பெரிய நிறுவனங்களின் கணக்கு மோசடிகளும் சேர்ந்த வேறு காரணங்கள் இருந்தன.

நம் வீட்டுக் கதையும் இப்படித்தான். 2008 மார்ச் 8 தேர்தலில் தேசிய முன்னணி ஆட்சியை இழக்கவில்லை, மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையைத்தான் இழந்தது. மார்ச் 10-ஆம் தேதி சந்தை 9.5 விழுக்காடு சரிந்து, வர்த்தகத்தை ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. 2018 மே 9-இல் 61 ஆண்டு கால ஆட்சியே மாறியது. மே 14-ஆம் தேதி சந்தை திறந்ததும் விழுந்தது, ஆனால் அன்றே எழுந்து சற்று உயர்வோடு முடிந்தது. அந்த ஆண்டு முடிவில் அதுவும் இறங்கித்தான் இருந்தது. சிறிய அதிர்ச்சிக்குப் பெரிய வீழ்ச்சி, பெரிய மாற்றத்துக்குச் சிறிய சலனம். இதை முன்கூட்டிச் சொன்னதாக யாராவது கூறினால், அவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருங்கள்.

எங்கள் தொழிலிலும் குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பங்குச் சந்தைச் செய்திக்கு எங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள். "போர் அச்சத்தால் சந்தை சரிந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கல்லூரியில் 'ஏன்' என்ற கேள்விக்கு விடை இல்லாமல் செய்தி எழுதாதே என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த 'ஏன்' சில விநாடிகளுக்குள் அடங்காது என்பதை யாரும் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். உலக நிகழ்ச்சியை நம்மால் தடுக்க முடியாது, ஊகிக்கவும் முடியாது. காத்திருக்க நமக்கு அவகாசம் இருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். கடன் அந்த அவகாசத்தைப் பறிக்கும், அங்கிளுக்கு நடந்ததைப் போல. அடுத்த ஆண்டு வீட்டுக்கோ பிள்ளை படிப்புக்கோ தேவைப்படும் பணமும் பறிக்கும், மாமாவுக்கு நடந்ததைப் போல. அதோடு, நம் சொத்து எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ், யார் பெயரில் இருக்கிறது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கதவு யார் கையில் இருக்கிறது என்பது நல்ல காலத்தில் யாருக்கும் தெரிவதில்லை.

2020 மார்ச் மாதம். நாட்டில் அரசாங்கம் மாறி மூன்று வாரம் கூட ஆகவில்லை, கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியிருந்தது. மார்ச் 19-ஆம் தேதி குறியீட்டு எண் 1,219-க்கு இறங்கியது. என் தம்பி, "அக்கா, எல்லாம் மலிவாகக் கிடக்கிறது, வாங்கப் போகிறேன்" என்று பரபரத்தான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. லோரி அங்கிளைத் தொலைபேசியில் அழைத்து அவனிடம் பேசச் சொன்னேன். எழுபதை நெருங்கும் அவர் திட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"உன் காசா தம்பி, கேட்டு வாங்கின காசா?"

தம்பி அன்று கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தன்னிடம் இருந்ததை மட்டும் போட்டான். அந்த ஆண்டு முடிவில் குறியீட்டு எண் 1,627. இலாபம் வந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சந்தை அந்த ஆண்டு ஏறாமல் போயிருந்தாலும் அவன் இரவில் தூங்கியிருப்பான்.